பேரழிவுக்குப் பின் ஒரு பெரட்டுக்களம்: மனம் படிப்பவர்களைப் பற்றிக் கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து வரும் இளையோருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். சில காலமாக ஒரே மாதிரிக் கதைதான் வந்துகொண்டிருக்கிறது. உலகம் அழிந்துவிட்டது, கொடியவர்கள் ஆள்கிறார்கள், பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றலுடன் பிறந்த சிலர் துரத்தப்பட்டுக் காட்டில் ஒளிந்திருக்கிறார்கள். வகுப்பில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். இனி இவற்றைக் கேட்பவர்களிடம் இந்தப் பக்கத்தை நீட்டிவிடுவதாக உத்தேசம். தலைப்பிலுள்ள பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் பெயர் வாசித்து ஆட்களை வேலைக்கு அனுப்பும் வழக்கம்.

டீச்சர், இந்த வகைக் கதை முதலில் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் அணுகுண்டு அச்சத்திலிருந்து. 1945-க்குப் பிறகு மேலை நாட்டு எழுத்தாளர்கள் நகரங்கள் சாம்பலான உலகத்தையும், கதிர்வீச்சால் மாறிப் பிறக்கும் குழந்தைகளையும் கற்பனை செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1930-களில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் மனத்தொடர்பை ஆய்வுக்கூடத்தில் நிறுவ முயன்றுகொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்து இந்த வகை உருவானது. ஜான் விண்டம் 1955-இல் வெளியிட்ட ‘தி கிரிசலிட்ஸ்’ நாவலில், மாறுபட்டுப் பிறந்த எதையும் பாவம் என்று அழிக்கும் சமூகத்தில் மனத்தால் பேசிக்கொள்ளும் பிள்ளைகள் தங்களை மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் இசபெல் கார்மொடி 1987-இல் ‘ஓபர்நியூட்டன்’ நாவலுடன் தொடங்கிய வரிசை 2015-இல்தான் முடிந்தது. இவற்றைப் படியுங்கள். படித்த பிறகு அந்தப் பனியையும் மலைக்கோட்டையையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பேராக்கில் வெளுத்த முகத்துடன் பனிக்குல்லாய் போட்டுக்கொண்டு ஓடும் கதாநாயகியை நான் போதிய அளவு பார்த்துவிட்டேன்.

உலகத்தை எப்படி அழிப்பது? அணுகுண்டுதான் போட வேண்டுமா?

வேண்டாம். நம் பக்கத்து உலகத்தை அழிக்க ஒரு பூஞ்சை போதும்.

பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876-இல் கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. நம் பக்கத்து ஊரான கோல கங்சாரில் அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னமும் நிற்கிறது. போய்த் தொட்டுப் பாருங்கள். ஆசியாவின் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். ஒரே குடும்பத்து மரங்கள் என்பதால் ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். பூஞ்சையால் வரும் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் அப்படிப்பட்டது. அமேசான் காட்டில் 1928-இல் தோட்டம் போட்ட ஹென்றி ஃபோர்டு, 1945-இல் அதைப் பிரேசில் அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியதற்கு அந்த நோயும் ஒரு முக்கியக் காரணம். அது ஆசியாவுக்கு இதுவரை வரவில்லை. கதையில் வரட்டும். ஒரு பயணியின் காலணியில் ஒட்டிய மண்ணில் வந்தாலும் போதும்.

கப்பல்கள் நின்றுபோவது அடுத்த வாய்ப்பு. உரம் வராது, டீசல் வராது, வெளிநாட்டு அரிசி வராது. இப்படி மெல்ல வரும் அழிவையே நான் விரும்புகிறேன். வெடிப்புக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அரிசி குறையும்போதோ, யாருக்கு எவ்வளவு என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். உங்கள் கொடுங்கோலன் அந்த இடத்தில்தான் பிறக்கிறான்.

அழிவுக்குப் பிறகு தோட்டத்தில் எது மிஞ்சும்?

இதை யாரும் யோசிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ரப்பர் மரம் தப்பித்தது என்று வைத்துக்கொண்டால், அதற்கு மின்சாரம் தேவையில்லை. உளி, பால் பிடிக்கும் மங்கு, வாளி, விடியுமுன் எழுந்திருக்கும் ஒரு மனிதர் போதும். வெயில் ஏறுவதற்குள் மரத்தில் நீரழுத்தம் அதிகமாக இருப்பதால்தான் இருட்டிலேயே வெட்டப் போகிறார்கள். பாலை உறையவைக்கும் அமிலம் கிடைக்காவிட்டாலும் வாளியில் விட்டுவைத்தால் தானாகவே கட்டியாகும். நாற்றம் ஊரைக் கூட்டும், அவ்வளவுதான். விறகை எரித்துப் புகைபோட்டுக் காயவைக்கலாம். ஆனால் கந்தகம் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் டயர் செய்ய முடியாது. கந்தகத்தை யார் வைத்திருக்கிறார் என்பது உங்கள் கதையில் ஓர் அரசியல் கேள்வி.

செம்பனை வேறு கதை. பறித்த குலையை ஒரு நாளுக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். பெரிய ஆலை நின்றுபோனால், மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் செய்வதுபோல் வேகவைத்து உரலில் இடித்துப் பிழிய வேண்டும். விளக்குக்கும் சமையலுக்கும் எண்ணெய் கிடைக்கும். மகரந்தச் சேர்க்கைக்குக் கவலை இல்லை: 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு வண்டு அந்த வேலையை இன்றும் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு முன் ஆட்களை வைத்துக் கையால் செய்தார்கள். சிக்கல் உயரம். வழக்கமாக 25 ஆண்டுகளில் மரத்தை வீழ்த்தி மறுநடவு செய்வார்கள். வீழ்த்த ஆளில்லாத தோட்டத்தில் மரம் வளர்ந்துகொண்டே போகும். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளுக்கும் எட்டாது. இரண்டு தலைமுறை கழித்து உங்கள் கதை தொடங்குகிறது என்றால், குலை பறிக்க உயிரைப் பணயம் வைத்து ஏறும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பிறகு அணை. பேராக் ஆற்றில் சென்டரோ அணை 1930 முதல் மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. அதன் சுழலிகளை ஓட்டத் தெரிந்தவர்கள் நான்கு பேர் உயிரோடு இருந்தால், அவர்களைப் பிடித்து வைத்திருப்பவனே ராஜா.

ஆட்சியாளர்கள் யாராக இருக்க வேண்டும்? வெள்ளைக்காரத் துரையை மீண்டும் கொண்டுவரலாமா?

கொண்டுவராதீர்கள். துரை பங்களாவில் இருந்தார். தினமும் பார்த்த முகம் ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணியுடையது, கணக்கு எழுதிய கிராணியுடையது, மேற்பார்வை செய்த தண்டலுடையது. அவர்களில் கங்காணியும் தண்டலும் நம் மொழி பேசியவர்கள், பெரும்பாலும் நம் ஊரிலிருந்து வந்தவர்கள். கங்காணிக்குத் தலைக்காசு உண்டு: அன்று வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று. ஆகவே காய்ச்சலில் கிடப்பவனை எழுப்பி நிறுத்துவது அவருடைய வருமானம். அவரை அரக்கனாக எழுத வேண்டியதே இல்லை. கணக்கை மட்டும் சரியாக எழுதுங்கள், அரக்கத்தனம் தானாக வெளிவரும்.

பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் களத்தில் வரிசை, பெயர் வாசிப்பு, ஆளுக்கு ஒரு நிரை மரம். பெயர் வாசிக்கப்படவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் தொழிலாளர் குடியிருப்பான லயம் தோட்டத்துக்குச் சொந்தம். மனத்தைப் படிப்பவளை எரிக்க வேண்டியதில்லை. அவள் பெயரை வாசிக்காமல் விட்டால் போதும்.

இதற்கு மாதிரி வேண்டுமானால் நம் ஊரே இருக்கிறது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. 1948-லேயே அடையாள அட்டை வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்தார்கள். அட்டை இல்லாதவனை அரசு சந்தேகித்தது. நடுவில் நின்ற பால்வெட்டுக்காரரின் நிலையை எழுதிப் பாருங்கள், தனியாக வில்லன் தேவைப்படாது. 1950-க்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலிக்குள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. சோற்றுப் பொட்டலம் வெளியே போகக் கூடாது. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும், காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க முடியாதபடி. கற்பனையில் இவ்வளவு நுட்பமான கொடுமையை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மனம் படிக்கும் ஆற்றலுக்கு எல்லை வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ரைன் தன் ஆய்வில் பயன்படுத்திய சீட்டுக்கட்டில் 25 சீட்டுகள், ஐந்து சின்னங்கள். மறைத்த சீட்டில் எந்தச் சின்னம் என்று குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். ஏழு, எட்டு வந்தபோது அவர் பரவசப்பட்டார். மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் நிலைக்கவில்லை. அறிவியலாக அது தோற்றுவிட்டது, கதைக்கு மட்டும் நல்ல பாடம்: உங்கள் பாத்திரம் 25-இல் எட்டுதான் சரியாகக் கேட்கிறாள் என்று வையுங்கள். மீதிப் பதினேழு முறை தவறாகக் கேட்டதை நம்பி யாரையோ காட்டிக்கொடுத்துவிடுகிறாள். அதுதான் கதை.

தூரத்துக்கும் எல்லை வையுங்கள். ஒரு நிரையின் நீளம் போதும். மேலும், ஒட்டிக் கட்டிய லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் சண்டை, இருமல், அழுகை எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். அங்கே மனம் படிப்பது பெரிய ஆற்றலே அல்ல. கேட்டும் கேட்காததுபோல் இருப்பதுதான் அரிய ஆற்றல், நம் பாட்டிமார் அனைவருக்கும் அது இருந்தது.

நம் ஊரில் சாமி வருபவரையும் குறி சொல்பவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோமே. பிறகு ஏன் இவர்களை ஒதுக்குவார்கள்?

இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இது. கேட்டது படிவம் மூன்றில் படிக்கும் ஒரு பெண்.

முனீஸ்வரன் கோயிலில் சாமி வருபவருக்கு ஒரு நாள் உண்டு, ஒரு நேரம் உண்டு. உடுக்கை ஒலிக்க வேண்டும், கற்பூரம் எரிய வேண்டும், கோயில் தலைவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சொன்னது சாமி, சொன்னவர் மறுநாள் காலையில் வழக்கம்போல் பால் வெட்டப் போவார். யாரும் அவரைப் பிடித்து “என் ரகசியத்தை எப்படிச் சொன்னாய்?” என்று கேட்க முடியாது. ஊர் அந்த ஆற்றலை வேலிக்குள் வைத்திருக்கிறது.

திருவிழா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பால் நிறுக்கும் இடத்தில், கிராணி எடையைக் குறைத்து எழுதுகிறார் என்று ஒரு சிறுமி உரக்கச் சொன்னால்? அதில் சாமி இல்லை, உடுக்கை இல்லை. அவளை முதலில் அடிப்பது கிராணி அல்ல, அவள் அம்மா. பயத்தில் அடிப்பாள். ஒதுக்குதல் அங்கே தொடங்குகிறது. ஆட்சியாளர்கள் பிறகுதான் வருகிறார்கள், ஏற்கெனவே தனியாக நிற்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக.

இன்னொரு கோணமும் உண்டு. கெட்டிக்கார ஆட்சியாளன் குறி சொல்பவரைக் கொல்ல மாட்டான், சம்பளம் கொடுப்பான். வாரம் ஒருமுறை வந்து யார் மனத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரிசி வாங்கிப் போகும் பூசாரியை எழுதுங்கள். அவர் உண்மையிலேயே கேட்கிறாரா, ஊர்ப்பேச்சை வைத்து அளக்கிறாரா என்பதைக் கடைசிவரை சொல்லாதீர்கள்.

காட்டுக்குள் ஓடுபவர்களுக்குப் பூர்வகுடி மக்கள் மந்திர வழிகாட்டிகளாக உதவுவதாக எழுதலாமா?

என் மாணவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். வயதான ஒருவர், பெயர் இல்லை, புகைக்கு நடுவே உட்கார்ந்து ஒரே வரியில் தத்துவம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறார். தயவுசெய்து வேண்டாம்.

சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் வாழ்பவர்கள் தெமியார் மக்கள். அவர்களிடம் கனவுக்கு உண்மையான, நுணுக்கமான இடம் இருக்கிறது. மரம், மலை, விலங்கு போன்றவற்றின் ஆவி கனவில் வந்து ஒருவருக்குப் பாட்டைக் கொடுக்கும். பெற்றவர் அதைச் சடங்கில் பாட, பெண்கள் மூங்கில் குழாய்களை இடித்துத் தாளம் போட்டு ஒவ்வொரு வரியையும் திருப்பிப் பாடுவார்கள். நோய் தீர்ப்பதும் அந்தப் பாட்டின் வேலை. கனவு ஒருவருடையது, பாட்டு ஊருடையது. நீங்கள் எழுதும் தனிமைப்பட்ட மனம்படிப்பவனுக்கு இது நேர் எதிர், அதனாலேயே கதைக்கு வலு சேர்க்கும்.

அவசரகாலத்தில் பூர்வகுடி மக்களையும் முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். பலர் அங்கே நோயில் இறந்தார்கள். ஆகவே காட்டுக்குள் ஓடிவரும் தோட்டத்துப் பிள்ளைகளை அவர்கள் ஏன் உடனே நம்ப வேண்டும்? பேரம் பேசட்டும், மறுக்கட்டும், உப்பு கேட்கட்டும். பெயர் வையுங்கள்.

சயாம் மரண ரயிலைக் கதைக்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் ஜோடனையாக வேண்டாம். 1942-க்கும் 1943-க்கும் இடையே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் வாந்திபேதியிலும் பட்டினியிலும் இறந்தார்கள். போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பதிவும் கல்லறையும் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் இல்லை. மனம் படிக்கும் பாத்திரம் ஒன்றை அங்கே நிறுத்தினால் அவள் என்ன கேட்பாள் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். யோசிக்க முடியவில்லை என்றால் வேறு ரயில் பாதையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஒரு கதாநாயகி தன் ஆற்றலால் எல்லோரையும் விடுவித்துவிடுகிறாள். இதில் என்ன தவறு?

தவறில்லை, சலிப்பு. மனத்தால் ஒருவனைக் கீழே தள்ள முடிந்தால் சண்டை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். மீதி இருநூறு பக்கத்துக்கு என்ன செய்வீர்கள்?

1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது. கூலி உயர்வும் கேட்டார்கள், ஆனால் இன்றும் நம் மனத்தில் நிற்பது சைக்கிள்தான். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். இப்படி ஒரு சின்னக் கோரிக்கையை உங்கள் கதைக்குக் கண்டுபிடியுங்கள். மனம் படிப்பவர்கள் பெரட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கட்டும். ஒரு நாள் ஒருத்தி கட்டிக்கொள்ளாமல் வருகிறாள். அடுத்த நாள் ஆற்றலே இல்லாத ஒரு கிழவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார். கிராணி இப்போது யாரை எந்தப் பட்டியலில் எழுதுவார்?

உரையாடல் எந்தத் தமிழில் இருக்க வேண்டும்?

உங்கள் வீட்டில் பேசும் தமிழில். மலாய்ச் சொற்களும் சீனச் சொற்களும் வரட்டும், அடிக்குறிப்பு போடாதீர்கள்.

ஆட்சியாளர்கள் தோற்ற பிறகு கதை முடிந்துவிடுமா?

என்னைக் கேட்டால் அங்கேதான் சுவாரசியம் கூடுகிறது. மரங்கள் இனி யாருக்கு? வீடு யாருக்கு? நம் முன்னோர் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் பார்த்தவர்கள். சுதந்திரத்தை ஒட்டி ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போனபோது, புது உரிமையாளர் வந்தார், பழைய தொழிலாளிக்கு வேலையும் லயமும் ஒன்றாகப் போயின. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் சிறு தொகை கட்டிப் பங்குதாரர்களாகி, அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள்.

உங்கள் கதையில் விடுதலை பெற்றவர்களும் ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும். மனம் படிப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரலாமா, கூடாதா? உட்கார்ந்தால் யாரும் மனம்விட்டு வாக்களிக்க முடியாது. உட்காரக் கூடாது என்றால் மீண்டும் ஒதுக்கிவிட்டார்கள். இதை யாராவது எழுதிக்கொண்டு வந்தால் அந்த வாரம் வகுப்பில் வேறு எதுவும் பேச மாட்டோம்.

முதல் அத்தியாயத்தை எங்கே தொடங்குவது?

பேரழிவை விவரிக்கும் முன்னுரையைக் கிழித்துப் போடுங்கள். பெரட்டுக்களத்தில், பெயர் வாசிக்கும் நேரத்தில் தொடங்குங்கள். மூவாயிரம் சொற்களுக்குள் எழுதி, கையெழுத்தாக இருந்தால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதி, சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.